முதுகில் ஒரே பை, மூன்று வாரம் ஐரோப்பா: தனியாகப் புறப்படும் நம் இளையோர் தெரிந்துகொள்ள வேண்டியவை

ஜொகூர் பாரு: "அங்க யார் வீட்ல தங்குவ?" என் சித்தி முதலில் கேட்டது இதைத்தான்.

சித்தி மகளுக்கு வயது 25. லாயாங்-லாயாங் அருகே செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். இப்போது ஸ்கூடாயில் அறை எடுத்துத் தங்கி, விடியற்காலை நாலரைக்கே எழுந்து பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறாள். இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்த பணத்தில் வரும் செப்டம்பரில் மூன்று வாரம் ஐரோப்பாவைச் சுற்றப் போவதாக ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டின்போது சொன்னாள். துணைக்கு ஆள் இல்லை. சுற்றுலா நிறுவனமும் இல்லை. "என்னமோ தேக்காவுக்குப் போற மாதிரி சொல்றா" என்றார் சித்தப்பா. சித்தி என் பக்கம் திரும்பி, "நீ பேப்பர்ல வேல செய்யிற, நீயாவது நல்லா விசாரிச்சு சொல்லுப்பா" என்றார்.

விசாரித்தேன். இதே பேச்சு வேறு பல வீடுகளிலும் நடந்துகொண்டிருக்கும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் சித்தப்பாவுக்கு ஒரு செய்தி சொன்னேன். காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ. கே. செட்டியார், ஜப்பானிலும் நியூயார்க்கிலும் புகைப்படக்கலை படித்துவிட்டு, 1937 அக்டோபரில் நியூயார்க்கிலிருந்து டப்ளினுக்குக் கப்பல் ஏறினார். அப்போது அவருக்கு 26 வயதுகூட நிரம்பவில்லை. காந்தியைப் பற்றி ஆவணப்படம் எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அந்தக் கப்பலில்தான் பிறந்தது. அதற்காகப் பல நாடுகளில் அலைந்து படச்சுருள்களைச் சேகரித்தார். 1940இல் படம் வெளிவந்தது. தமிழில் பயணக்கட்டுரை என்றாலே இன்றும் முதலில் சொல்லப்படும் பெயர் அவருடையது. "அவரு ஆம்பள" என்றார் சித்தப்பா. அதற்கு என்னிடம் பதில் இல்லை. சித்தி மகளிடம் இருந்தது, அதை இங்கே எழுத முடியாது.

கடப்பிதழும் அதற்கு முந்திய ஒரு சோதனையும்

கடப்பிதழைப் புதுப்பிப்பது பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ஐரோப்பாவை விட்டு வெளியேறும் நாளுக்குப் பிறகும் குறைந்தது மூன்று மாதம் அது செல்லுபடியாக வேண்டும். ஆறு மாதம் இருப்பதே பாதுகாப்பு.

பலர் மறப்பது வேறொன்று. டிக்கெட் வாங்குவதற்கு முன் குடிநுழைவுத் துறையின் இணையச் சேவையில் அடையாள அட்டை எண்ணைக் கொடுத்து, வெளிநாடு செல்லத் தடை ஏதும் இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வருமான வரிப் பாக்கி, திவால் வழக்கு போன்றவற்றால் பெயர் தடைப் பட்டியலில் இருப்பது விமான நிலையத்தில்தான் தெரிகிறது என்றால், கட்டிய காசு போனதுதான். பிடிபிடிஎன் கல்விக்கடன் நிலுவை உள்ளவர்களும் இதைக் கட்டாயம் பார்த்துக்கொள்வது நல்லது.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் நகர முடியவில்லை. சித்தி வீட்டுக்கு மூன்று வாசல் தள்ளி, இதே தோட்டத்தில் பிறந்த, சித்தி மகளோடு ஒரே தமிழ்ப்பள்ளியில் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். அவள் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை, அதாவது நிரந்தரவாசத் தகுதி மட்டும். மலேசியக் கடப்பிதழ் குடிமக்களுக்கே உரியது. ஒரே லயம், ஒரே பள்ளி. ஒருத்திக்கு ஐரோப்பா வாசல் விசா இல்லாமல் திறக்கிறது, இன்னொருத்திக்குப் பாலம் தாண்டுவதே பாடு. பிறப்புப் பத்திரம், குடியுரிமை விண்ணப்பம் என்று வீட்டில் தள்ளிப்போட்ட வேலை ஏதாவது இருந்தால், ஐரோப்பாவுக்குப் போகாவிட்டாலும் அதை முடித்துவிடுங்கள்.

90 நாள் என்றால் மொத்தம் 90 நாள்

லக்ஸம்பர்க் நாட்டில், மோசல் ஆற்றங்கரையில் ஷெங்கன் என்றொரு சிறு கிராமம் இருக்கிறது. 1985 ஜூன் 14ஆம் தேதி ஐந்து நாடுகள் தங்களுக்கிடையே எல்லைச் சோதனையை நீக்கிக்கொள்ள அங்கேதான் கையெழுத்திட்டன. இன்று அந்த ஏற்பாட்டில் 29 நாடுகள் உள்ளன. பல்கேரியாவும் ருமேனியாவும் 2025 ஜனவரியில் முழுமையாக இணைந்தன. சுவிட்சர்லாந்தும் நார்வேயும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில் இருக்கின்றன. அயர்லாந்து ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை. பிரிட்டன் இரண்டிலும் இல்லை.

மலேசியக் குடிமக்களுக்கு ஷெங்கன் நாடுகளில் விசா வேண்டாம். எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதற்குள் 90 நாள் தங்கலாம். நம்மில் பலர் தவறுவது இங்கேதான். பிரான்சில் 90, ஜெர்மனியில் 90, இத்தாலியில் 90 என்று நாட்டுக்கு நாடு புதுக் கணக்கு கிடையாது. 29 நாடுகளுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. உள்ளே போகும் நாளும் வெளியேறும் நாளும் அதில் சேரும்.

ஏப்ரல் 1ஆம் தேதி பாரிஸில் இறங்கும் ஒருவர் ஜூன் 29ஆம் தேதி வெளியேறினால் சரியாக 90 நாள் முடிந்துவிடுகிறது. லண்டனுக்குப் போய் இரண்டு நாள் இருந்துவிட்டுத் திரும்பினால் கணக்கு புதிதாகத் தொடங்காது. அவர் மறுபடி ஷெங்கனுக்குள் நுழைய செப்டம்பர் 28 வரை காத்திருக்க வேண்டும்.

மூன்று வாரம் மட்டும் போகிறவருக்கு இந்தக் கவலை இல்லை. ஆனால் பட்டப்படிப்பை முடித்துவிட்டு "பணம் இருக்கும்வரை சுற்றுவோம்" என்று கிளம்பும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். முன்பு அதிகாரி கடப்பிதழில் முத்திரைகளை எண்ணிப் பார்க்க வேண்டியிருந்தது. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்த புதிய முறையில், எல்லையில் நம் கைரேகையும் முகப்படமும் எடுத்துக் கணினியில் பதிகிறார்கள். ஒரு நாள் கூடுதலாகத் தங்கினாலும் கணினிக்குத் தெரிந்துவிடும். இந்தப் பதிவுக்குக் கட்டணம் இல்லை. முதல்முறை பதியும்போது வரிசை நீளலாம் என்பதால், இறங்கிய ஒரு மணி நேரத்தில் அடுத்த ரயிலைப் பிடிக்கலாம் என்று டிக்கெட் எடுத்துவிடாதீர்கள்.

இதற்கு அடுத்ததாக 'எட்டியாஸ்' என்ற இணைய அனுமதி வருகிறது. விசா இல்லாமல் போகிறவர்கள் புறப்படும் முன் 20 யூரோ கட்டி இதைப் பெற வேண்டியிருக்கும். 2026 கடைசி மாதங்களில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள். அதிகாரப்பூர்வமாகத் தொடங்குவதற்கு முன்பே "பதிந்து தருகிறோம்" என்று யாராவது பணம் கேட்டால் அது ஏமாற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் சொந்தத் தளம் ஒன்றைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம். பிரிட்டனுக்கும் இதுபோன்ற மின்னியல் அனுமதி மலேசியர்களுக்கு 2025 ஜனவரி முதல் கட்டாயம். ஷெங்கனோடு அதற்குத் தொடர்பில்லை. தனியாக எடுக்க வேண்டும்.

விசா வேண்டாம் என்பதற்கு, கேள்வியே கேட்க மாட்டார்கள் என்று பொருளில்லை. திரும்பும் டிக்கெட், தங்கும் இடத்தின் பதிவு, செலவுக்குப் பணம் இருப்பதற்கான சான்று ஆகியவற்றைக் கேட்கும் உரிமை எல்லை அதிகாரிக்கு உண்டு. கைப்பேசியில் மட்டும் வைத்திருக்காமல் தாளிலும் எடுத்துச் செல்லுங்கள். பேட்டரி தீர்ந்த நேரத்தில் தாள்தான் பேசும்.

சம்பள வேலை செய்ய இந்த அனுமதி உதவாது. "விசா வேண்டாம், போனதும் வேலை, மாதம் இத்தனை ஆயிரம்" என்று வாட்சப்பில் வரும் விளம்பரங்களில் பாதி உண்மை இருப்பதால்தான் ஆபத்து. உள்ளே நுழைய விசா வேண்டாம் என்பது மெய். வேலை செய்யலாம் என்பது பொய். வேலை என்று நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் போய்ச் சிக்கிய பிள்ளைகளின் கதை நமக்குப் புதிதல்ல.

"யார் வீட்ல தங்குவ?"

சித்தியின் கேள்விக்கு வருகிறேன். 1909இல் ரிச்சர்ட் ஷிர்மன் என்ற ஜெர்மானிய ஆசிரியர், மாணவர்களை நடைப்பயணம் அழைத்துப்போனபோது இடிமழையில் மாட்டிக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் இரவைக் கழித்தார். நடந்து போகும் பிள்ளைகளுக்கு ஊருக்கு ஊர் இப்படி மலிவான தங்குமிடம் இருந்தால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. சில ஆண்டுகளில் அல்டெனா கோட்டையில் இளையோர் விடுதி திறந்தார். உலகத்தின் முதல் இளையோர் விடுதி அதுதான். மூன்றடுக்குக் கட்டில் போட்ட அந்த அறைகள் இன்று அருங்காட்சியகமாக இருக்கின்றன.

இன்றைய ஹாஸ்டல்கள் அதன் வழி வந்தவையே. நாம் காசு கொடுப்பது அறைக்கு அல்ல, கட்டிலுக்கு. நான்கு, ஆறு, எட்டுப் பேர் ஓர் அறையில். பெண்களுக்கு மட்டும் என்று தனி அறைகள் பல இடங்களில் உண்டு. பொருளைப் பூட்டி வைக்கப் பெட்டி இருக்கும், பூட்டு நம்முடையது. பொதுச் சமையலறை இருந்தால் சோறு ஆக்கிக்கொள்ளலாம். நெத்திலி சம்பல் கொண்டு போகலாம். ஆனால் இறைச்சியும் பால் பொருள்களும் ஒன்றியத்துக்குள் கொண்டுபோகத் தடை, அதனால் செருண்டிங் டப்பாவை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். பச்சைக் கறிவேப்பிலையும் சான்றிதழ் இல்லாமல் கூடாது. வேடிக்கை என்னவென்றால், சான்றிதழ் இல்லாமல் அனுமதிக்கும் ஐந்து பழங்களில் டுரியானும் ஒன்று. ஹாஸ்டல்காரர் அனுமதிப்பாரா என்பது வேறு விஷயம்.

பணக் கணக்கு: ஒரு யூரோவை ஐந்து வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்கு எளிது. சிக்கனமாக இருந்தால் பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் போன்ற நகரங்களில் கட்டில், சாப்பாடு, ஊருக்குள் பயணம் எல்லாம் சேர்த்து நாளுக்குச் சுமார் 80 யூரோ. ப்ராக், புடாபெஸ்ட், கிராக்கோவ் பக்கம் 50 யூரோ என்பது நான் பலரிடம் கேட்டுப் போட்ட கணக்கு. மேற்கில் 11 நாள், கிழக்கில் 10 நாள் என்றால் 1,380 யூரோ, அதாவது சுமார் 6,900 வெள்ளி. விமான டிக்கெட்டும் நாடு விட்டு நாடு போகும் செலவும் தனி. சாங்கியிலிருந்தா, கேஎல்ஐஏவிலிருந்தா என்று இரண்டு விலையையும் பாருங்கள். மருத்துவக் காப்புறுதி நமக்குச் சட்டப்படி கட்டாயமில்லை. ஆனாலும் எடுக்காமல் போவது முட்டாள்தனம். கால் முறிந்தால் ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள்.

ரயிலுக்கு 'யூரேல்' அட்டை ஒன்று உண்டு, 33 நாடுகளில் செல்லும். ஐரோப்பாவுக்கு வெளியே வசிப்பவர்களுக்கானது யூரேல், அங்கே வசிப்பவர்களுக்கானது இன்டர்ரேல். பெயர் மாறி வாங்கிவிடக் கூடாது. 27 வயது வரை இளையோர் சலுகை கிடைக்கும். ஆனால் பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் நாடுகளின் அதிவேக ரயில்களில் அட்டை இருந்தாலும் இருக்கைக்குத் தனிக் கட்டணம் கட்டி முன்பதிவு செய்ய வேண்டும். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் பெரும்பாலும் அந்தத் தொல்லை இல்லை. நான்கைந்து ஊர்களோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு அட்டையைவிடப் பேருந்தும் முன்கூட்டியே எடுத்த டிக்கெட்டும் மலிவாக முடியும். சித்தி மகளுக்கு அப்படித்தான் முடிந்தது.

கோயில் இருக்கிறது, இட்லியும் இருக்கிறது

பாரிஸில் 'கார் து நோர்' ரயில் நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் லா ஷாப்பல். தமிழ்ப் பெயர்ப்பலகைகள், மளிகைக் கடைகள், தோசைக் கடைகள். 1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து அடைக்கலம் தேடிப் போனவர்கள் உருவாக்கிய கடைத்தெரு அது. அருகிலேயே மாணிக்க விநாயகர் ஆலயம்; ஆகஸ்டு கடைசியில் அல்லது செப்டம்பர் தொடக்கத்தில் தேர் ஓடும். ஜெர்மனியில் ஹாம் நகரின் ஊன்ட்ரோப் பகுதியில் தொழிற்சாலைகளுக்கு நடுவே கோபுரத்தோடு நிற்கிறது காமாட்சி அம்பாள் ஆலயம், 2002இல் குடமுழுக்கு கண்டது. ஆபத்து அவசரத்தில் தமிழில் பேசி உதவி கேட்க இப்படிப்பட்ட இடங்கள் இருக்கின்றன என்றதும்தான் சித்தியின் முகம் தெளிந்தது. அவர்கள் பேசும் தமிழ் நமக்குக் கொஞ்சம் வேறாகக் கேட்கும். நம்முடையது அவர்களுக்கும் அப்படித்தான்.

அதே பாரிஸில் மோன்மார்த்ர் குன்றின் படிக்கட்டில் கையில் கயிறு கட்ட வருவார்கள். நம் ஊர் கோயில் நினைப்பில் கையை நீட்டிவிட வேண்டாம், கட்டி முடித்துப் பணம் கேட்பார்கள். பாரிஸ் மெட்ரோ, ரோமின் டெர்மினி நிலையம், பார்சிலோனாவின் லா ராம்ப்லா ஆகிய இடங்களில் பை முன்பக்கம் இருக்கட்டும். கடப்பிதழ் தொலைந்தால் முதலில் போலீஸ் புகார், பிறகு அருகிலுள்ள மலேசியத் தூதரகம். வீடு திரும்ப அவசரப் பயணப் பத்திரம் அங்கே கிடைக்கும். கடப்பிதழின் நகல் ஒன்றைப் பையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.

சித்தி வீட்டில் இப்போது சாமி படத்துக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்தத் தேதியில் எந்த ஊர், எந்த ஹாஸ்டல், என்ன தொலைபேசி எண் என்று சித்தி மகள் தன் கையால் எழுதியது. கீழே சித்தப்பா பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறார். செப்டம்பரில் பாரிஸ் நமக்கு ஆறு மணி நேரம் பின்னால். இங்கே இரவு பத்து என்றால் அங்கே மாலை நான்கு. பத்து மணிக்கு அவள் கூப்பிட வேண்டும்.