மிச்ச மருந்து வீட்டுக்குள் வேண்டாம்!

ஆவடியைத் தாண்டி மேற்கே போனால் திருநின்றவூர், நடுக்குத்தகை, பாக்கம் பக்கமெல்லாம் வீட்டு மனைகளுக்கு நடுவே இன்னும் நெல்லும் கீரையும் விளைகின்றன. 2019-ல் ஆவடி மாநகராட்சி ஆனது. மனைகள் பெருகப் பெருக நிலம் சுருங்கிவிட்டது. அரை ஏக்கர், முக்கால் ஏக்கர் வைத்திருப்பவர்களில் பலருக்கு வயலில் தனிக் கொட்டகை கிடையாது. மருந்து அடித்தபின் மிஞ்சும் அரை பாட்டில் வீட்டுக்குத்தான் வருகிறது. பரணிலோ கட்டிலுக்கு அடியிலோ அடுத்த போகம் வரை கிடக்கிறது.

கடன், மகசூல் இழப்பு, வீட்டுச் சண்டை, தேர்வில் தோல்வி என்று மனம் உடைந்துபோகும் நேரம் எந்தக் குடும்பத்திலும் வரலாம். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் மருந்து இருப்பதுதான் ஆபத்து. தற்கொலை எண்ணம் பலருக்கும் சில நிமிடங்கள், சில மணி நேரத்தில் தணிந்துவிடக் கூடியது. அந்த நேரத்தைக் கடந்து பிழைத்தவர்களில் பெரும்பாலோர் மறுபடி அந்த வழிக்குப் போவதில்லை என்கிறார்கள் மருத்துவர்கள்.

உலகில் நடக்கும் தற்கொலைகளில் சுமார் ஐந்தில் ஒன்று பூச்சிமருந்தால் நடப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருக்கிறது. அதில் பெரும்பகுதி நம்மைப் போன்ற நாடுகளின் கிராமங்களில்தான். மருந்து வாங்கியவர் மட்டுமல்ல, அந்த வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் இதற்குப் பலியாகிறார்கள்.

காட்டுமன்னார்கோவில் காட்டிய வழி

கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோவில் வட்டாரத்தில், சென்னையில் இயங்கும் 'சிநேகா' தற்கொலைத் தடுப்பு அமைப்பின் நிறுவனர் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் அவரது குழுவினரும் ஒரு முயற்சி செய்தார்கள். இரண்டு கிராமங்களில் பொதுவான மருந்துக் கிடங்கு கட்டினார்கள். உள்ளே பூட்டுப் போட்ட பெட்டிகள், கவனிக்க ஒரு பொறுப்பாளர். மருந்தைப் பெட்டியில் வைத்துவிட்டு, அடிக்கும் நாளில் எடுத்துப் போகலாம். கிடங்கு இல்லாத வேறு இரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டபோது, கிடங்கு உள்ள ஊர்களில் பூச்சிமருந்துத் தற்கொலைகளும் முயற்சிகளும் குறைந்திருந்தன. 2013-ல் இந்த ஆய்வு வெளியானது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், ஒரு ஊரே சேர்ந்தால் செய்யக்கூடிய வேலை.

இலங்கையில் அனுராதபுரம் பகுதியில் 180 கிராமங்களில் இன்னொரு சோதனை நடந்தது. அங்கே வீட்டுக்கு வீடு பூட்டுப் பெட்டி கொடுத்தார்கள். 2017-ல் முடிவு வந்தபோது, அதனால் மட்டும் சம்பவங்கள் குறையவில்லை என்று தெரிந்தது. வீட்டுக்கு ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டால் போதும் என்று இருந்துவிட முடியாது.

அதே இலங்கை வேறு வழியில் ஜெயித்தது. 1995 முதல் கொடிய நச்சு மருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் தற்கொலை விகிதம் சுமார் 70 சதவிகிதம் சரிந்தது. தடையால் நெல் விளைச்சல் குறையவும் இல்லை.

இங்கேயும் மஞ்சள் பாஸ்பரஸ் எலி மருந்துக்குத் தமிழ்நாடு அரசு தடை போட்டிருக்கிறது. மோனோகுரோட்டோபாஸ் 36 எஸ்.எல். மருந்துக்கு 2023-ல் மத்திய அரசு தடை ஆணை வெளியிட்டது. இவை வீட்டில் மிச்சம் இருந்தால், வேளாண்மை உதவி அலுவலரிடம் சொல்லி அப்புறப்படுத்த வழி கேளுங்கள்.

இன்றே செய்யக்கூடியவை

1. ஒரு முறை அடிக்கத் தேவையான அளவு மட்டும் வாங்குங்கள். சிறிய பாட்டில் விலை கூடுதலாகத் தெரிந்தாலும் மிச்சம் இருக்காது.

2. லேபிளில் உள்ள முக்கோண நிறத்தைப் பாருங்கள். சிவப்பு மிகக் கொடியது. அடுத்து மஞ்சள், நீலம், பச்சை என்று நச்சு குறையும். சிவப்பு, மஞ்சள் முக்கோண மருந்துகளைத் தவிர்த்து, விளக்குப்பொறி, இனக்கவர்ச்சிப் பொறி, வேப்பங்கொட்டைக் கரைசல் ஆகியவற்றால் சமாளிக்கப் பாருங்கள்.

3. கூட்டுறவு சங்கத்திலோ உழவர் உற்பத்தியாளர் குழுவிலோ பேசி, ஊருக்குப் பொதுவாக ஒரு பூட்டு அறை ஏற்பாடு செய்யுங்கள்.

4. யாராவது மருந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். மருந்து பாட்டிலையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். என்ன மருந்து என்று தெரிந்தால் டாக்டருக்குச் சிகிச்சை எளிது.

வாசகர் கேள்வி

*காலி மருந்து பாட்டிலைக் கழுவிவிட்டு மண்ணெண்ணெய், எண்ணெய் ஊற்றி வைக்கலாமா?*

கூடவே கூடாது. எத்தனை முறை கழுவினாலும் நச்சு ஒட்டியிருக்கும். மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைத் தெளிப்பான் டேங்கிலேயே ஊற்றிவிடுங்கள். பிறகு பாட்டிலை ஓட்டை போட்டுவிடுங்கள். எரிக்கவும் வேண்டாம், ஏரி, கிணற்றில் வீசவும் வேண்டாம். அதேபோல, மருந்தைக் குளிர்பான பாட்டிலில் மாற்றி வைக்காதீர்கள். தாகத்தில் பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

வீட்டில் ஒருவர் பேச்சைக் குறைத்து, சாப்பாட்டைக் குறைத்து ஒதுங்கி இருந்தால், பக்கத்தில் உட்கார்ந்து நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனம் விட்டுப் பேச 'சிநேகா' 044-24640050, அரசின் 104, டெலி மானஸ் 14416 ஆகிய எண்களை அழைக்கலாம்.