ஆம்ஸ்டர்டாமுக்கு முன் கற்பிட்டி

(கரையோரக் கட்டடங்கள் – 11)

சென்ற வாரம் முன்னேஸ்வரத்தில் நிறுத்தியிருந்தோம். 1578இல் போர்த்துக்கேயர் இடித்த கோயில், 1753இல் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் ஆதரவோடு மறுபடி எழுந்த கதை அது. இந்த வாரம் வடக்கே கற்பிட்டிக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். இதற்கிடையில் கட்டடக்கலை படிக்கும் பிள்ளைகள் சிலரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது. படிப்பு முடிவதற்குள் நெதர்லாந்துக்குப் போய் ஆம்ஸ்டர்டாம், டெல்ஃப்ட் நகரங்களைப் பார்த்துவர எண்ணுகிறார்கள். எதைப் பார்ப்பது, எப்படித் திட்டமிடுவது, எங்கே தொடங்குவது என்று கேட்கிறார்கள்.

பாலாவிச் சந்தியில் தொடங்குங்கள் என்பதே என் பதில். கொழும்பிலிருந்து நீர்கொழும்பு, சிலாபம் வழியாக வரும் வீதியில், புத்தளம் நகருக்குச் சற்று முன்னால் இடப்பக்கம் ஒரு பாதை பிரியும். அந்தப் பாதையில் போனால் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு. நடுவில் கிடக்கும் ஒடுங்கிய மணல் நிலத்தின் முனையில் கற்பிட்டி இருக்கிறது.

ஆம்ஸ்டர்டாமின் புகழ்பெற்ற கால்வாய் வளையத்தை 1613இல் வெட்டத் தொடங்கினார்கள். அந்த நூற்றாண்டிலேயே, அந்த நகரத்து வணிகர்கள் பணம் போட்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனி கற்பிட்டிக்கு வந்து சேர்ந்தது. 1659இல் போர்த்துக்கேயரிடமிருந்து ஊரைப் பிடித்தது. 1667இற்கும் 1676இற்கும் இடையில் கோட்டையைக் கட்டியது. அங்கே கட்டியவர்களும் இங்கே கட்டியவர்களும் ஒரே நாட்டார், ஒரே நூற்றாண்டினர். கல் வேறு, மண் வேறு, வெயில் வேறு. தம் ஊரில் செய்தவற்றுள் எதை இங்கே கொண்டுவந்தார்கள், எதைக் கைவிட்டார்கள், எதை நம்மவர்களிடம் கற்றுக்கொண்டார்கள் என்பதைப் பார்த்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு ஆம்ஸ்டர்டாமின் தெரு ஒவ்வொன்றும் பேசும். பார்க்காமல் போகிறவருக்கு அழகான படங்கள் மிஞ்சும். படங்களுக்காக அவ்வளவு காசு செலவழிக்க வேண்டியதில்லை.

கோட்டை எங்கே நிற்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். புத்தளம் களப்பின் வாய்ப்பக்கம் அது. கண்டி இராச்சியத்துக்கு உப்பும் துணியும் போனதும், அங்கிருந்து பாக்கு வந்ததும் இந்தக் களப்பு வழியாகவும்தான். வாயை அடைத்தவன் கையில் வியாபாரம். அதனால் பெரிய படையைத் தாங்கும் கோட்டையாக இல்லாமல், கடவையைக் காக்கும் அளவுக்குச் சிறிதாக, ஏறத்தாழச் சதுரமாக, மூலைக் கொத்தளங்களோடு இதைக் கட்டினார்கள். மதில் சுமார் 4 மீற்றர் உயரம். யாழ்ப்பாணக் கோட்டையின் ஐங்கோணத்தைப் பார்த்தவர்களுக்கு இது எளிமையாகத் தெரியும். அந்த எளிமைதான் படிக்கத் தொடங்குகிறவருக்கு வசதி. ஒரே நாளில் முழுத் திட்டத்தையும் மனதில் வாங்கிவிடலாம்.

வாசலில் நின்று மேலே பாருங்கள். மதிலெல்லாம் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். வாசல் வளைவிலும் அதன் மேல் உள்ள மணிக்கூட்டிலும் மட்டும் மஞ்சள் நிறச் செங்கல். ஒல்லாந்திலிருந்து கப்பலில் வந்த கல் என்று சொல்லப்படுவது இதுதான். அங்கே ஐசெல் ஆற்றங்கரை வண்டலில் சுட்ட இத்தகைய சிறு செங்கற்களை, கப்பல் ஆடாமல் நிற்க அடிப்பாரமாக ஏற்றி வந்தார்கள். அந்த வகைக் கல் நம் செங்கல்லை விட நன்றாகச் சிறியது; சுமார் 16 சென்ரிமீற்றர் நீளம், 4 சென்ரிமீற்றர் தடிப்பு. மண்ணில் சுண்ணாம்பு மிகுந்தும் இரும்பு குறைந்தும் இருந்தால், சுடும்போது சிவக்காமல் மஞ்சளாகும். இந்த ஒரு கல்லைக் கண்ணால் அளந்து, நிறத்தைக் குறித்து, அடுக்கியிருக்கும் முறையை வரைந்துகொண்டு போங்கள். டெல்ஃப்டின் பழைய சுவர்களில் இதன் உறவைத் தேடலாம். பயணத்தின் முதல் பாடமாக இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை.

இனி முருகைக்கல். கடலிலிருந்து எடுத்த புதிதில் வெட்டுவதற்கு இலகு. ஓட்டை ஓட்டையாக, பாரம் குறைந்து இருக்கும். உயிர்களின் கூடு அப்படியே தெரியும்; கிட்டப் போய்ப் பார்த்தால் பூ விரிந்ததுபோல் வரிவரியாக இருக்கும். அதே கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு குழைத்தால் சாந்து. கல்லும் சாந்தும் ஒரே பொருளின் இரண்டு நிலைகள் என்பதால்தான் உப்புக் காற்றுக்குள் முந்நூறு ஆண்டுகளாக இவை ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நிற்கின்றன. சுண்ணாம்புச் சாந்து காற்றிலுள்ள கரியமில வாயுவை மெல்ல உறிஞ்சி இறுகும். சுவருக்குள் ஏறிய ஈரத்தை வெளியே விடும். இத்தகைய சுவருக்கு மேல் சீமெந்து பூசினால் ஈரம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்பு பளிங்காகி விரியும். பூச்சு பொருமும், பிறகு கல்லையும் பிய்த்துக்கொண்டு விழும். கரையோரம் முழுவதும் பழைய வீடுகளை நல்லெண்ணத்தோடு அழித்துக்கொண்டிருப்பது இந்தச் சீமெந்துப் பூச்சுத்தான்.

புத்தளம் மாவட்டத்தின் பெரிய தொழிற்சாலைகளுள் ஒன்று சீமெந்துத் தொழிற்சாலை. அருவக்காட்டில் சுண்ணாம்புக்கல்லை வெட்டி ரயிலில் கொண்டுவந்து அரைக்கிறார்கள். கோட்டையைக் கட்டிய அதே சுண்ணாம்பு இனம் இன்று வேறு வடிவில் முழு நாட்டுக்கும் போகிறது. முருகைக்கல்லோ இனிக் கிடைக்காது. கடற்கரைப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் கரையோரத்தில் அதை அகழ்வதைத் தடைசெய்தது. கடலரிப்பைத் தடுக்க அது மிகச் சரியான சட்டம். ஆகவே நிற்கிற ஒவ்வொரு முருகைக்கல் சுவரும், விழுந்தால் அதேபோல் மறுபடி கட்ட முடியாத சுவர் என்று எண்ணித்தான் அளக்க வேண்டும்.

அளப்பது பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோட்டை இப்போது கடற்படையின் பொறுப்பில் இருக்கிறது. வாசலில் பெயர் பதிந்து, கடற்படையினர் ஒருவர் கூட வர, உள்ளே பார்க்கலாம். படம் எடுப்பதற்கும் வரைவதற்கும் எங்கே அனுமதி, எங்கே இல்லை என்பதைக் கேட்டு நடக்க வேண்டும். மாணவர் குழுவாகப் போவதானால் பல்கலைக்கழகத்தின் கடிதத்தோடு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தொல்லியல் திணைக்களத்துக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள். உள்ளே இடிந்த நிலையில் சிற்றாலயம், தளபதி வீடு, சிறை, களஞ்சியம் என்று சொல்லப்படும் கட்டடங்கள் இருக்கின்றன.

மூன்று பேர் ஒரு குழு: ஒருவர் நாடாவின் நுனியைப் பிடிக்க, ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத. கதவுக்குக் கதவு தனித்தனியாக அளந்து கூட்டாதீர்கள். ஒரே மூலையைப் பூச்சியமாக வைத்து, நாடாவை எடுக்காமல் வரிசையாக வாசியுங்கள்; அப்போதுதான் பிழை பெருகாது. நான்கு சுவரையும் அளந்தால் அறை கிடைத்துவிட்டது என்று நினைப்பவர்கள் உண்டு. பழைய அறைகளின் மூலை சரியான செங்கோணத்தில் இருப்பதில்லை. இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்காமல் வெளியே வராதீர்கள். மே முதல் ஒக்டோபர் வரை தென்மேல் காற்று நாடாவையும் தாளையும் பறக்கவிடும். மழை ஓய்ந்த பெப்ரவரி, மார்ச் மாதங்கள் நல்லவை.

கோட்டையிலிருந்து நடக்கும் தூரத்தில் ஒல்லாந்தர் காலத்துப் புனித பேதுரு தேவாலயம் இருக்கிறது. 1706ஆம் ஆண்டுக்குரியது என்பார்கள். யாழ்ப்பாணக் கோட்டைக்குள் இருந்து போரில் தரைமட்டமான பெரிய தேவாலயமும் அதே ஆண்டுக்குரியது. அது போனபின் இந்தச் சிறு கட்டடத்தின் மதிப்பு எவ்வளவோ கூடிவிட்டது. உள்ளே ஒல்லாந்தரின் கல்லறைக் கற்கள் உண்டு. எழுத்தை மட்டும் பார்க்காமல், எந்தக் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள் என்றும் பாருங்கள்.

கற்பிட்டி நமக்குத் தந்த பெருமகன் சைமன் காசிச்செட்டி. 1807இல் இந்த ஊரில் பிறந்தவர். 1834இல் இலங்கை முழுவதையும் ஊர் ஊராக விவரித்து ஆங்கிலத்தில் ஓர் அகராதி வெளியிட்டார். தமிழ்ப் புலவர் வரலாற்றை 1859இல் தந்தவரும் அவரே. புறப்படுமுன் அவருடைய ஊர் அகராதியில் இந்தக் கரையைப் பற்றிய பகுதிகளைப் படித்துவிடுங்கள். அதற்கும் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், 1344இல், இபன் பதூதா வந்திறங்கிய பத்தாலா என்ற ஊர் புத்தளம்தான் என்று பலரும் கொள்கிறார்கள். அவர் கண்டது மரத்தாலான மதிலும் மரத்தாலான காவற்கோபுரங்களும். கல் வருவதற்கு முன் இந்தக் கரை மரத்தில் கட்டியது என்பதற்கு இதைவிட நேரான சாட்சி வேண்டுமா?

இந்த மரக்கட்டு மரபை இன்றும் தொட்டுப் பார்க்க விரும்பினால் வழியில் தலவிலவில் இறங்குங்கள். புனித அன்னம்மாள் தேவாலயத்தின் தூண்கள் முதிரை மரத்தால் ஆனவை. ஓகஸ்ட் திருவிழாவுக்கு இலட்சக்கணக்கில் சனம் வரும். தங்க இடம் கிடைக்காது. ஒரு கட்டடம் அத்தனை பேரை எப்படித் தாங்குகிறது, நிழல் எங்கே விழுகிறது, சனம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்க்க ஆசைப்படுகிறவர் அந்த நாளிலேயே போகட்டும்.

இன்னொன்றையும் விட்டுவிடக் கூடாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெருந்தொகையினர் புத்தளத்திலும் கற்பிட்டிக் கரையிலும்தான் வந்து தங்கினார்கள். கிடுகு வேய்ந்த குடிசையில் தொடங்கி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சீமெந்துக் கல்லடுக்கி வீடாக்கினார்கள். கையில் காசு வரவர ஓர் அறை, பிறகு ஒரு விறாந்தை என்று அந்த வீடுகள் வளர்ந்த விதம் எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கோட்டையை மட்டும் பார்த்துத் திரும்புகிற பயணத்தைக் கட்டடக்கலைப் பயணம் என்று நான் ஏற்கமாட்டேன்.

இப்போது விமானம் ஏறலாம். ஷெங்கன் விசாவுக்குப் புறப்படும் நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்குக் கட்டணம் 90 யூரோ, குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்புறுதி வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் முதல் வேலையாக, 1606இல் எழுந்த கிழக்கிந்தியக் கம்பனி மாளிகையைப் பாருங்கள். இன்று அது பல்கலைக்கழகத்தின் கட்டடம். கற்பிட்டிக்குக் கட்டளை புறப்பட்ட தலைமையகம் அது. பிறகு கால்வாய் ஓரத்து வீடுகள். முகப்பு ஒடுக்கம், உயரம் அதிகம், கூரை செங்குத்து. உச்சியில் ஓர் உத்தரமும் கொளுக்கியும். பொதியைக் கயிற்றில் தூக்கி மேல்மாடியில் ஏற்றுவதற்கு அது. நிலம் சேறு என்பதால் எல்லாம் மரக்கட்டைகளின் மேல் நிற்கின்றன. அந்த நகரத்து அரச அரண்மனையின் அடியில் மட்டும் 13,659 கட்டைகள்.

அந்த முகப்பின் முன் நின்று நம் ஊர் ஒல்லாந்த வீட்டை நினைத்துப் பாருங்கள். இங்கே உயரம் தாழ்ந்தது, அகலம் விரிந்தது, தெருப்பக்கம் விறாந்தை வந்தது, நடுவில் முற்றம் திறந்தது. விறாந்தையையும் முற்றத்தையும் அவர்கள் ஆம்ஸ்டர்டாமிலிருந்து கொண்டுவரவில்லை. இங்கே வாழ்ந்து பார்த்துச் சேர்த்துக்கொண்டார்கள். இரண்டு வரைபடத்தையும் ஒரே தாளில், ஒரே அளவுத்திட்டத்தில் பக்கம் பக்கமாக வரைந்தால் உங்கள் ஆய்வேட்டின் பாதி முடிந்துவிட்டது. டென் ஹாக் நகரிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். கம்பனியின் வரைபடத் தொகுதி அங்கேதான் இருக்கிறது. அதில் பலவற்றை இணையத்திலும் பார்க்கலாம். வீட்டிலேயே இலக்கங்களைக் குறித்துக்கொண்டு போனால் அங்கே நேரம் வீணாகாது.

இப்படிப் பார்க்கும் பழக்கம் இந்த நாட்டுக்குப் புதிதல்ல. டென்மார்க்கிலிருந்து 1958இல் வந்த கட்டடக்கலைஞர் உல்ரிக் பிளெஸ்னரும், பார்பரா சன்சோனி, லக்கி சேனாநாயக்க, இஸ்மத் ரஹீம் போன்றவர்களும் தீவு முழுதும் திரிந்து பழைய கட்டடங்களை அளந்து வரைந்தார்கள். ஐரோப்பாவில் பயின்ற ஒருவர் இங்கே வந்து, அன்றைய இளைஞர்களோடு சேர்ந்து நாடாவைப் பிடித்தார். கட்டடக்கலைஞர் ஜெஃப்ரி பாவாவின் கட்டடங்களில் நாம் வியக்கிற முற்றமும் ஓட்டுக்கூரையும் தூண் வரிசையும் அந்த அளவெடுப்புக் காலத்தோடு சேர்த்தே விளங்கிக்கொள்ள வேண்டியவை.

மொறட்டுவையிலும் கொழும்பிலும் கட்டடக்கலை கற்பிக்கிற ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பயணத்துக்குப் பெயர் கொடுக்கும் ஒவ்வொரு மாணவரிடமும், புறப்படுமுன், கற்பிட்டியில் தானே அளந்த ஒரு கட்டடத்தின் வரைபடத்தைக் கேளுங்கள். அந்த வரைபடங்களின் பிரதியை ஊர் நூலகத்துக்கும் பிரதேச சபைக்கும் கொடுங்கள். கற்பிட்டி, புத்தளம், சிலாபம் பக்கத்து வாசகர்களே, உங்கள் வீட்டிலோ பக்கத்து வளவிலோ முருகைக்கல் சுவர் நின்றால், இடிப்பதற்கோ சீமெந்து பூசுவதற்கோ முன்பு ஒரு படம் எடுத்து, நீளம் அகலம் குறித்து இந்த இதழுக்கு அனுப்பிவையுங்கள்.

(அடுத்த வாரம்: உடப்பு)