புருவ டாட்டூ, உதட்டு டாட்டூ... ஊசி குத்தும் முன் ஒரு நிமிஷம்!

சென்னை: புருவம் மெலிசா இருக்கு, உதடு கறுத்துப் போச்சு, தினமும் பென்சிலும் லிப்ஸ்டிக்கும் போட நேரமில்லை... இப்படிப் புலம்புற பெண்களுக்கு பியூட்டி பார்லர்களில் இப்போது சொல்லும் ஒரே பதில், ‘டாட்டூ போட்டுக்கங்க மேடம்’.

தி.நகர், புரசைவாக்கம், குரோம்பேட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் ‘மைக்ரோபிளேடிங்’, ‘லிப் பிளஷ்’ போர்டுகள் கண்ணில் படுகின்றன. கல்யாணப் பெண்கள் மட்டுமில்லை, ஜவுளிக்கடையில் வேலை செய்கிறவர்கள், ஆபீஸ் போகிறவர்கள், 50 வயசைத் தாண்டிய அம்மாக்கள்கூட சீட்டுப் பணத்தை எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

சரியா செஞ்சா முகமே மாறும். தப்பா செஞ்சாலும் முகமே மாறும்! வித்தியாசம் எங்கே இருக்கிறது? ஊசி குத்துவதற்கு முன்னாலும், குத்தின பின்னாலும் நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பாதி இருக்கிறது.

என்னதான் செய்றாங்க?

மைக்ரோபிளேடிங் என்பது வரிசையாக நுண்ணிய ஊசிகள் பதித்த சின்னக் கருவியால், கையாலேயே முடி முடியாகக் கீறி சாயம் ஏற்றுவது. இன்னொரு வகையில் மெஷின் ஊசியால் புள்ளி புள்ளியாகக் குத்தி, பவுடர் பூசின மாதிரி கொண்டு வருவார்கள். உதட்டுக்கும் மெஷின் ஊசிதான்.

எண்ணெய் வழியும் முகமா? முடி முடியாகப் போட்ட கோடு நாளடைவில் கசிந்து கலங்கிவிடும். அப்படிப்பட்டவர்களுக்குப் புள்ளி வைக்கிற முறைதான் பொருத்தம்.

சாயம் இறங்குவது ஒரு மில்லிமீட்டரைவிடக் குறைவான ஆழத்தில். அதனால்தான் இது சாதாரண டாட்டூ மாதிரி ஆயுசுக்கும் நிற்காது. பொதுவாக 1 வருஷத்தில் இருந்து 3 வருஷத்துக்குள் வெளிறிவிடும். ஆனால் சுத்தமாக அழிந்துவிடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

பாட்டி கையில் குத்தின பச்சையைப் பார்த்திருப்பீர்கள். குத்தினது கரி, அதாவது கறுப்பு. தோலுக்கு அடியில் போய்விட்டதால் வெளியே பச்சையாக, நீலமாகத் தெரிகிறது. புருவத்திலும் கை தெரியாதவர் ஊசியை ஆழமாக இறக்கினால் இதே கதிதான். கறுப்புப் புருவம் கொஞ்ச நாளில் நீலச் சாம்பல் நிறமாகிவிடும்.

இவங்களுக்கு வேண்டாம்... இவங்க டாக்டரைக் கேட்கணும்!

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் தள்ளிப்போடுவதே நல்லது.

காது குத்தின இடத்திலேயே தழும்பு தடித்து வளர்ந்தவர்களுக்கு முகத்திலும் அப்படி வளரலாம். வெண்புள்ளி உள்ளவர்களுக்கு, தோலில் காயம்பட்ட இடத்தில் புதிதாக வெண்புள்ளி கிளம்ப வாய்ப்பு உண்டு. இந்த இரண்டு பேரும் தோல் டாக்டரிடம் காட்டாமல் பார்லர் படியே ஏறக்கூடாது.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இல்லாதவர்களுக்குப் புண் ஆறுவது தாமதமாகும், சீழ் பிடிக்கும் அபாயமும் அதிகம். பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அதை நிறுத்தி குறைந்தது 6 மாதம் கழித்துத்தான் வரவேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள்.

காய்ச்சல் வந்தால் உதட்டோரம் நீர்க்கொப்புளம் வருமா? ரொம்ப கவனம். அது ஹெர்பிஸ் வைரஸ். உடம்புக்குள் தூங்கிக்கொண்டிருக்கும். உதட்டில் ஊசி பட்டதும் எழுந்து, உதடு முழுக்கக் கொப்புளமாகிவிடும். முன்கூட்டியே சொன்னால் டாக்டர் வைரஸ் தடுப்பு மாத்திரை எழுதித் தருவார். அதைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம்.

மாத்திரையை நீங்களே நிறுத்தாதீங்க!

ரத்தம் அதிகம் கசிந்தால் சாயம் நிற்காது. அதனால் ‘ஆஸ்பிரின், வலி மாத்திரை எல்லாம் நிறுத்திட்டு வாங்க’ என்று பார்லரில் சொல்வார்கள். தலைவலிக்கு நீங்களாக வாங்கிப் போடுகிற மாத்திரை என்றால் நிறுத்தலாம், தப்பில்லை. ஆனால் இதய நோய், பக்கவாதத்துக்காக டாக்டர் எழுதிக்கொடுத்த ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரையைப் புருவத்துக்காக ஒரு நாள்கூட நிறுத்தக்கூடாது. புருவம் இல்லாமல் வாழலாம். அடைப்பு வந்தால்?

முதல் 2 வாரம் என்ன செய்யணும்?

* ரெட்டினால் கிரீம், தோல் உரிக்கும் ஆசிட் கிரீம், பிளீச், ஃபேஷியல்... எல்லாத்துக்கும் 2 வாரம் முன்பே லீவு விடுங்கள்.

* அன்றைக்கே த்ரெடிங் செய்யக்கூடாது. 2, 3 நாள் முன்பே முடித்துவிடுங்கள்.

* வெயிலில் கருகிய தோலில் போடக்கூடாது. கடற்கரை, திருவிழா என்று அலைந்துவிட்டு மறுநாளே போய் உட்காராதீர்கள்.

* உதட்டுக்கு என்றால் ஒரு வாரம் முன்பிருந்தே வாசலின் தடவி, வெடிப்பு இல்லாமல் மெத்தென்று வைத்திருங்கள்.

* காதுக்குப் பின்னால் துளி சாயம் வைத்து 48 மணி நேரமாவது பாருங்கள். தலைக்கு டை அடித்து அரிப்பு வந்தவர்கள் இதை விடவே கூடாது. இந்த டெஸ்ட்டில் எல்லா அலர்ஜியும் தெரிந்துவிடாது, சிலருக்கு மாதக்கணக்கில் கழித்தும் வரும். ஆனாலும் டெஸ்ட் இல்லாமல் செய்வதைவிட இது மேல்.

* முகூர்த்தத்துக்கு முந்தின வாரம் போய் நிற்காதீர்கள். இது ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. 6 வாரம் கழித்து இன்னொரு தரம் ‘டச் அப்’ செய்வார்கள். அதுவும் ஆற வேண்டும். ஆவணிக் கல்யாணத்துக்கு வைகாசியிலேயே ஆரம்பிப்பதுதான் புத்திசாலித்தனம்.

நாற்காலியில் உட்காரும் முன் பாருங்க!

ஊசியும் பிளேடும் சீல் வைத்த கவரில் இருக்க வேண்டும். காலாவதி தேதி பார்த்து, உங்கள் கண் முன்னால் பிரிக்கச் சொல்லுங்கள். ‘டெட்டாலில் போட்டு வச்சிருக்கேன்’, ‘வெந்நீரில் கழுவிட்டேன்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஒருத்தருக்குப் பயன்படுத்தியது குப்பைக்குத்தான் போகணும்.

ஏன் இவ்வளவு கறார்? மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைட்டிஸ்-பி கிருமி, உடம்புக்கு வெளியே காய்ந்த ரத்தத்தில்கூட 7 நாள் உயிரோடு இருக்கும். ஹெபடைட்டிஸ்-சி, எச்.ஐ.வி.யும் ஊசி வழியாகப் பரவக்கூடியவைதான். இதனால்தான் டாட்டூ குத்தியவர்கள் 12 மாதம் ரத்த தானம் செய்ய வேண்டாம் என்று நம் நாட்டு ரத்த வங்கி விதிமுறையே சொல்கிறது.

சாயத்தையும் பெரிய பாட்டிலில் இருந்து நேராகத் தொட்டு எடுக்கக்கூடாது. சின்னக் கிண்ணத்தில் உங்களுக்கென்று தனியாக ஊற்ற வேண்டும். பாட்டிலில் உள்ள கம்பெனி பெயர், பேட்ச் எண்ணை செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அலர்ஜி வந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். சாயம் சும்மா விஷயம் இல்லை. ஐரோப்பிய நாடுகளில் 2022 ஜனவரி முதல், டாட்டூ சாயத்தில் 4 ஆயிரத்துக்கும் மேற்பட்ட ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு போட்டிருக்கிறார்கள்.

மரத்துப்போக வைக்கும் கிரீமிலும் கவனம் வேண்டும். அதில் இருப்பது லிடோகெய்ன். அளவுக்கு மீறிப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும். 4 சதவீதத்துக்கு மேல் லிடோகெய்ன் உள்ள இப்படிப்பட்ட கிரீம்களை வாங்க வேண்டாம் என்று 2024-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. ‘வலி தெரியக் கூடாது, இன்னும் கொஞ்சம் பூசுங்க’ என்று நீங்களும் கேட்காதீர்கள்.

கடைசியாக, வரைந்து காட்டும் வடிவத்தைப் படுத்துக்கொண்டு பார்க்காதீர்கள். எழுந்து உட்கார்ந்து, நேராகக் கண்ணாடி பாருங்கள். பென்சில் கோட்டை அழிக்கலாம், ஊசிக் கோட்டை அழிக்க முடியாது.

புருவம் ஆறும் கணக்கு

முதல் 3 நாள்: ‘ஐயோ, மை பூசின மாதிரி இருக்கே’ என்று அழுகை வரும். ரொம்ப கறுப்பாக, லேசான வீக்கத்தோடு இருக்கும். பயப்பட வேண்டாம்.

4-வது நாளில் இருந்து 10-வது நாள் வரை: அரிக்கும், பொருக்குக் கட்டி உதிரும். இங்கேதான் பலபேர் கெடுத்துக்கொள்கிறார்கள். நகத்தால் பிய்த்தால் அந்த இடத்தில் சாயமும் சேர்ந்து வந்துவிடும், தழும்பும் விழும். தானாக உதிரட்டும்.

10-வது நாள் வாக்கில்: ‘போட்ட காசெல்லாம் போச்சு, புருவமே காணோம்’ என்று தோன்றும். போகவில்லை. மேலே புதுத்தோல் மூடியிருக்கிறது, அது தெளிய நாளாகும். 4 வாரத்தில் நிறம் மெல்ல மெல்லத் திரும்பி வரும். 6 வாரம் ஆன பிறகு தெரிவதுதான் உண்மையான நிறம். அதற்குள் ‘இன்னொரு கோட் போடுங்க’ என்று சண்டைக்குப் போகாதீர்கள்.

உதடு ஆறும் கணக்கு

முதல் 2, 3 நாள் உதடு நன்றாக வீங்கும். 3-வது நாளில் இருந்து தோல் உரியும். ஒரு வாரம் போனதும் நிறமே இல்லாத மாதிரி வெளிறிக் கிடக்கும். 4 முதல் 6 வாரத்தில் நிறம் ஏறும். முதல் நாள் பார்த்த பளிச் நிறம் கடைசி வரை இருக்காது, நிறையவே குறையும்.

இன்னொரு விஷயம். கறுத்த உதட்டில் நேராக ரோஸ் நிறம் ஏற்றினால் சாம்பலாகத்தான் தெரியும். அனுபவம் உள்ளவர்கள் முதலில் ஆரஞ்சு கலந்த நிறம் ஏற்றி கறுப்பை அடக்கிவிட்டு, அடுத்த தடவைதான் ரோஸ் ஏற்றுவார்கள். ‘ஒரே சிட்டிங்கில் பேபி பிங்க்’ என்று சொன்னால் நம்பாதீர்கள்.

வீட்டில் வந்து என்ன செய்யணும்?

* முதல் நாள் கசியும் நீரை, கொதிக்க வைத்து ஆறின தண்ணீரில் நனைத்த சுத்தமான பஞ்சுத் துணியால் ஒத்தி எடுங்கள். தேய்க்காதீர்கள்.

* சோப்பு போட்டுக் கை கழுவிய பிறகே களிம்பு தொடணும். அரிசி அளவு போதும். அப்பிவைத்தால் புண் ஊறிப்போகும்.

* மஞ்சள், தேங்காய் எண்ணெய், எலுமிச்சை, கற்றாழை... பாட்டி வைத்தியம் எதுவும் புதுப்புண்ணில் வேண்டாம்.

* 10 நாளைக்கு நீச்சல், ஜிம், ஆவி பிடிப்பது வேண்டாம். அடுப்படி வேலை தவிர்க்க முடியாதுதான். குக்கர் ஆவியில் முகத்தைக் காட்டாமல் தள்ளி நில்லுங்கள்.

* வண்டி ஓட்டினால் ஹெல்மெட் கட்டாயம். ஆனால் அதன் உள் பஞ்சு புருவத்தில் உரசும். முடிந்தால் முதல் வாரம் பஸ்ஸிலோ ரயிலிலோ போய்விடுங்கள்.

* ஸ்டிக்கர் பொட்டு, குங்குமம் புருவத்தை ஒட்டி வைக்காதீர்கள்.

* உதட்டுக்குப் போட்டவர்கள் சுடச்சுட டீ, காரக்குழம்பு, ஊறுகாய்க்கு ஒரு வாரம் தடா போடுங்கள். மோர் சாதம், இட்லி, ஆறின கஞ்சி நல்லது. சாப்பிட்டதும் உதட்டை ஒத்தித் துடையுங்கள்.

* புண் முழுசாக ஆறின பிறகு வெயிலில் போனால் சன்ஸ்கிரீன் தடவுங்கள். வெயில்தான் சாயத்துக்கு முதல் எதிரி.

இது வந்தா உடனே ஓடுங்க!

3 நாள் கழித்தும் வலி குறையாமல் ஏறுவது, சிவப்பு பரவுவது, சீழ், கெட்ட வாடை, காய்ச்சல், உதட்டில் கொப்புளம், கண் வீங்கித் திறக்க முடியாமல் போவது... இதில் ஒன்று இருந்தாலும் பார்லருக்குப் போன் போட்டுக்கொண்டிருக்காதீர்கள். நேராக டாக்டரிடம் போங்கள். சென்னை அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி மருத்துவமனைகளில் தோல் பிரிவு இருக்கிறது. மூச்சுத் திணறினால் 108. மாதக்கணக்கில் கழித்து அந்த இடத்தில் கட்டி கட்டியாக எழும்பினாலும் காட்டியாக வேண்டும்.

பின்னால் எப்போதாவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் டாட்டூ இருப்பதை முதலிலேயே சொல்லுங்கள். சாயத்தில் இரும்பு ஆக்சைடு இருக்கலாம். அபூர்வமாக அந்த இடம் எரியும், வீங்கும். அதற்குப் பயந்து ஸ்கேனையே தவிர்க்க வேண்டாம்.

பிடிக்கலேன்னா லேசரில் எடுத்துடலாமா?

அவ்வளவு சுலபம் இல்லை. வெள்ளை, ரோஸ், தோல் நிறச் சாயங்கள் மேல் லேசர் பட்டதும் திடீரென்று கறுத்துவிடக்கூடும். ரோஸ் உதடு கறுப்பு உதடாகிவிடும். தோல் டாக்டர் ஒரு ஓரத்தில் மட்டும் சோதித்துப் பார்த்துத்தான் ஆரம்பிப்பார். பல தடவை போக வேண்டும், செலவும் அதிகம்.

காசு கொடுக்கும்போது பில் கேட்டு வாங்குங்கள். ‘பில் இல்லேன்னா 500 குறைச்சுக்கறோம்’ என்பார்கள், மயங்காதீர்கள். முகம் கெட்டுப்போனால் கையில் இருக்கும் ஆதாரம் அதுதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் சொல்லலாம். 2 வருஷத்துக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். கொடுத்த காசு ரூ.5 லட்சத்துக்குள் இருந்தால் கோர்ட்டுக் கட்டணம் கிடையாது.

புற்றுநோய் சிகிச்சையில் புருவம் கொட்டியவர்கள், தீக்காயத்தில் புருவம் இழந்தவர்கள், புழுவெட்டால் முடி உதிர்ந்தவர்களுக்கெல்லாம் இது வெறும் அலங்காரம் இல்லை, நாலு பேர் முன்னால் தலைநிமிர்ந்து நிற்கும் தைரியம். அவர்களும் சிகிச்சை தரும் டாக்டரிடம் ‘இப்போ போடலாமா’ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனால் போதும்.

500 ரூபாய் புடவைக்கு நாலு கடை ஏறி இறங்குகிறோம். முகத்துக்கு ஊசி குத்த இரண்டு கடையாவது ஏறி, அவர்கள் முன்பு போட்டு ஆறிப்போன புருவத்தையும் உதட்டையும் நேரில் பார்த்துவிட்டு முடிவு பண்ணுங்கள்!