தேரைத் தோல்
உடம்பு எனும் ஊர் - 14

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிற பஸ். மார்கழி. ஷட்டரை இறக்கிவிட்டாலும் இடுக்கு வழியாகக் காற்று வெட்டுகிறது. கல்வராயன் மலையின் வளைவுகள் முடிவதற்குள் உதடு காய்ந்துவிட்டது. முழங்கையை நகத்தால் கீறினால் சுண்ணாம்பில் இழுத்ததுபோல் வெள்ளைக் கோடு.

பக்கத்து இருக்கையில் ஒரு டீச்சர். மலையில், விடுதியுள்ள ஒரு பள்ளியில் வேலை. பேச்சு எப்படியோ என் தொடருக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு பாக்கெட்டை எடுத்தார். கொலாஜன் பவுடர்.

"அண்ணே, இதத் தண்ணில கலக்கிக் குடிச்சா தோல்ல ஈரம் நிக்குமாம். நிக்குமா?"

நல்ல கேள்வி. கொலாஜன் ஒரு புரதம். வயிற்றுக்குப் போனால் கறி, பருப்பு போலவே அதுவும் துண்டு துண்டாகிறது. சில சிறு துண்டுகள் ரத்தத்தில் தென்படுவது உண்மைதான். ஆனால் அவை நேராக நம் கன்னத்துக்குப் போய்க் குடியேறும் என்று நினைத்தால் அது விளம்பரக்காரரின் கற்பனை. பல சோதனைகள் நடந்திருக்கின்றன. 2014-ல் வந்த ஒன்றில் 69 பெண்கள் எட்டு வாரம் சாப்பிட்டார்கள். தோலின் இழுவைத்தன்மை கூடியது, ஈரம் மட்டும் சொல்லிக்கொள்ளும்படி கூடவில்லை. 2023-ல் 26 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் ஈரமும் கூடுகிறது என்றார்கள். 2025-ல் வேறொரு குழு 23 சோதனைகளை எடுத்து, பணம் கொடுத்தது யார் என்று பிரித்துப் பார்த்தது. கம்பெனிப் பணத்தில் நடந்தவற்றில் பலன் தெரிந்தது, மற்றவற்றில் தெரியவில்லை. எனக்கு அந்த ஒரு வரி போதும்.

"அப்ப சாப்பிடறதுக்கும் தோலுக்கும் சம்பந்தமே இல்லையா?"

அங்கேதான் கதை திரும்புகிறது. 1929-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஜார்ஜ் பர், மில்ட்ரெட் பர் என்ற தம்பதி எலிகளுக்குக் கொழுப்பே இல்லாத தீனி போட்டார்கள். தோல் செதில் செதிலாக உரிந்தது, வாலும் செதிலானது. எலிகள் வழக்கத்தைவிட அதிகமாகத் தண்ணீர் குடித்தன, ஆனாலும் தோல் வறண்டே கிடந்தது. ஏரிக்கரையில் நண்டு வளை விழுந்துவிட்டால் எத்தனை மழை பெய்து என்ன? தோலின் மேலடுக்கில் செல்களுக்கு நடுவே கொழுப்புதான் கரைமண். அது சரியாக அமைய லினோலிக் அமிலம் வேண்டும். அதை உடம்பு தானாகச் செய்துகொள்ளாது, சாப்பிட்டால்தான் உண்டு. 'நிறையத் தண்ணி குடி, தோல் பளபளக்கும்' என்று சொல்கிறவர்கள் அந்த எலிகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம்.

இதில் நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. கொழும்பில் பணியாற்றிய லூசியஸ் நிக்கல்ஸ் என்ற மருத்துவர் 1933-ல் ஒரு தோல் நிலைக்குப் பிரைனோடெர்மா என்று பெயர் வைத்தார். தேரைத் தோல் என்று அர்த்தம். முழங்கை, முழங்கால், தொடையில் மயிர்க்கால்தோறும் முள் முளைத்தாற்போல் இருக்கும். குன்னூரில் இயங்கிய ஊட்டச்சத்து ஆய்வுக்கூடத்தாரும் முப்பதுகளில் தென்னிந்தியப் பள்ளிப் பிள்ளைகளிடம் இதைப் பார்த்து எழுதினார்கள். வைட்டமின் ஏ குறைவுதான் என்று முதலில் நம்பினார்கள். அந்தக் கூடம் ஐதராபாத்துக்கு மாறிய பிறகு, அறுபதுகளில், இந்த நோயாளிகளின் ரத்தத்தில் லினோலிக் வகைக் கொழுப்பு அமிலங்கள் குறைந்திருப்பதைக் கண்டார்கள். அந்த வகைத் தாவர எண்ணெயும் பி வைட்டமின்களும் கொடுத்தபோது முள் உதிர்ந்தது. வாய்வழியே போன ஒன்று தோலைத் திருத்தியதற்கு இதைவிட உறுதியான சாட்சி எனக்குத் தெரியாது. ஆனால் அது குறையை நிரப்பிய மருத்துவம். குறையே இல்லாதவருக்கு மேலே ஊற்றினால் கூடுதலாக மினுங்குமா என்பது வேறு விஷயம்.

எண்ணெய்க் கணக்கும் சொன்னேன். நல்லெண்ணெயில் நூற்றுக்குச் சுமார் 40 பங்கு லினோலிக். கடலை எண்ணெயில் 30-ஐ ஒட்டி. ரேஷன் பாமாயிலில் 10 சொச்சம். தேங்காயெண்ணெயில் இரண்டுதான், அதைக் குளித்த ஈரத்தோடு மேலே பூசினால் நன்றாகவே வேலை செய்யும், அது வேறு வழி. பூசியும் வறட்சி போகவில்லை, உடம்பு அசதியாக இருக்கிறது என்றால் தைராய்டும் சர்க்கரையும் பார்த்துவிடுவது நல்லது.

டீச்சர் பாக்கெட்டைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தார். மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல என்று அதிலேயே போட்டிருந்தது. சட்டப்படி போட்டாக வேண்டும். சிரித்துக்கொண்டே பைக்குள் போட்டார். கொஞ்ச நேரம் பேச்சில்லை.

வெள்ளிமலை வந்தது. சாமை மூட்டைகள் முதலில் இறங்கின. படியில் கால் வைத்தவர் திரும்பினார்.

"அண்ணே, எங்க பசங்க நாலஞ்சு பேருக்கு முட்டியத் தொட்டா உப்புத்தாள் மாதிரி முள்ளு முள்ளா இருக்கும். குளிருன்னு விட்டுட்டேன். சமையல்கட்டுல என்ன எண்ணெய், எவ்வளவு ஊத்துறாங்கன்னு இன்னைக்கே பாக்கணும்."

கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டார்.