காட்டுப்பன்றிக்கு மூன்று கிலோமீட்டர் எல்லை

பாபநாசம், களக்காடு மலையடிவார வயல்களில் காட்டுப்பன்றி இரவில் கூட்டமாக இறங்குகிறது. தின்பதைவிடக் கிளறிப் பாழாக்குவதே அதிகம். வாழைக்கன்றைக் கிழங்கோடு தோண்டிப் போட்டுவிடும். களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகத்துக்குள் புலியும் சிறுத்தையும் அதை வேட்டையாடும். வயற்புறத்தில் அந்தக் கட்டுப்பாடு குறைவு, தீனியோ ஏராளம். ஒரே ஈற்றில் பல குட்டிகள் போடும் விலங்கு பெருகாமல் என்ன செய்யும்?

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி விவசாயி தானாக அதைக் கொல்லக் கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி வகுத்தது. காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடத் தடை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விடலாம். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம். மலையை ஒட்டியே வயல் வைத்திருப்பவருக்கு இதனால் பெரிய பயனில்லை. சேதமோ அங்கேதான் மிகுதி.

மொத்தமாகச் சுட்டுக் குறைக்கலாமே என்று தோன்றலாம். ஆஸ்திரேலியா 2009 முதல் 2013 வரை சுமார் 1,60,000 காட்டு ஒட்டகங்களைக் குறைத்தது, பெரும்பாலும் ஹெலிகாப்டரிலிருந்து சுட்டு. ஆளில்லாப் பாலைவனத்தில் அது முடியும். ஊரும் வயலும் நெருங்கிக் கிடக்கும் தாமிரபரணிக் கரையில் முடியாது. திருட்டு மின்வேலியும், தீனிக்குள் வெடி வைக்கும் அவுட்டுக்காயும் தீர்வல்ல. அவற்றில் யானையும் மனிதரும்கூடச் சாகிறார்கள். வைத்தவர் சிறைக்குப் போக நேரும். பயிர்ச் சேதத்துக்கு வனச்சரக அலுவலகத்தில் மனுக் கொடுத்து இழப்பீடு கேட்கலாம்.