பேரப்பிள்ளைகளும் சூதாட்டமும்: வீட்டுப் பெரியவர்கள் கவனிக்க வேண்டியவை

“தம்பி, கடைக்குப் போனால் தாத்தாவுக்கு ஒரு 4டி எடுத்துக்கொண்டு வா.” நீங்களும் இப்படிச் சொல்லியிருக்கலாம். சிங்கப்பூர் பூல்ஸ் கடைகளில் பந்தயம் கட்டக் குறைந்தபட்ச வயது 18. சூதாட்டக்கூடங்களுக்கும் இணையப் பந்தயத்திற்கும் 21. வயது குறைந்தவர் சூதாடுவது, 2022ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி குற்றம்.

உங்கள் எண் 4827, வந்த எண் 4828. “அடடா, ஒன்றில் தவறிவிட்டதே!” என்கிறோம். உண்மையில், 0000 முதல் 9999 வரை 10,000 எண்கள் உள்ளன. ஒரு குலுக்கலில் பரிசு பெறுபவை 23 மட்டுமே. ஓர் எண் தள்ளிப் போனாலும் ஆயிரம் எண் தள்ளிப் போனாலும் தோல்வி தோல்விதான். சென்ற குலுக்கல் அடுத்த குலுக்கலுக்குத் தெரியாது. ஆனால், பக்கத்தில் நிற்கும் பிள்ளை “அடுத்த முறை கிடைத்துவிடும்” என்றே புரிந்துகொள்கிறான்.

தீபாவளியன்று குடும்பத்தாரும் நண்பர்களும் வீட்டில் சீட்டாடுவதைச் சட்டம் அனுமதிக்கிறது. அதையே இணையத்தில் பணம் வைத்து ஆடினால் அந்த விலக்கு பொருந்தாது.

கைத்தொலைபேசியில்தான் கவலை அதிகம். அங்கே அடையாள அட்டை கேட்க முகப்பில் யாரும் இல்லை. சட்டவிரோதக் காற்பந்துப் பந்தயத் தளங்கள் முதலில் இலவசத் தொகை தந்து இழுக்கும். சில விளையாட்டுகளில், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே காசு கொடுத்து ‘பரிசுப் பெட்டி’ வாங்க வேண்டும். எல்லாப் பெட்டியும் சட்டப்படி சூதாட்டம் ஆகாது. ஆனால் “இன்னும் ஒன்று” என்ற துடிப்பு அதேதான். அவசர ஆசையை அடக்கும் மூளைப் பகுதி இருபதுகளின் நடுப்பகுதி வரை வளர்கிறது. அதனால் இளையர்களுக்கு நிறுத்துவது கடினம்.

பேரப்பிள்ளை அடிக்கடி பணம் கேட்கிறாரா? இரவெல்லாம் விழித்திருக்கிறாரா? உங்கள் வங்கி அட்டையில் புரியாத செலவு தெரிகிறதா? திட்டாமல், “என்னப்பா விளையாடுகிறாய், எனக்கும் காட்டேன்” என்று பக்கத்தில் அமர்ந்து கேளுங்கள்.

கடன் இருப்பது தெரிந்தால், சேமிப்பை எடுத்து உடனே அடைத்துவிடத் தோன்றும். பாசம்தான் காரணம். ஆனால் உதவி பெறாமல் கடன் மட்டும் தீர்ந்தால், மீண்டும் ஆடப் பணம் கிடைத்தது போலாகிவிடலாம். கடன்முதலைகள் மிரட்டினால் காவல்துறையிடம் சொல்லுங்கள்.

தேசிய சூதாட்டப் பிரச்சினை உதவி எண்: 1800-6668-668. சூதாடுபவர் மட்டுமல்ல, குடும்பத்தினரும் அழைக்கலாம்.