மலைத்தோட்டத்திற்கு ஏற்ற வெட்டரிவாள்

தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கு இருபுறமும் மலைகளால் சூழப்பட்டது. போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி வழியாக ஏலத் தோட்டங்களுக்குச் செல்வோரும், குரங்கணி, அகமலைப் பகுதிகளில் காப்பி, மிளகு பயிரிடுவோரும் இங்கு பலர். காவலுக்காகத் தோட்டத்துக் குடிலிலேயே பல நாட்கள் தங்குவோரும் உண்டு. நிழல் மரங்களின் கிளை கழிக்கவும், விறகு பிளக்கவும், வழியில் விழுந்த மரக்கிளையை அகற்றவும் இவர்களுக்கு உற்ற துணை வெட்டரிவாளே.

ஊருக்குள் அரிவாளின் பிடி ஆடினால் உடனே கொல்லுப்பட்டறைக்குக் கொண்டு போகலாம். மலையில் அதற்கு வழியில்லை. ஓங்கி வீசும்போது அலகு கழன்று காலில் பாய்ந்தால், காயம்பட்டவரைக் கீழே இறக்கவே பல மணி நேரம் ஆகலாம். ஆகவே, பளபளப்பையும் வேலைப்பாட்டையும் பாராமல், எஃகு, பதம், பிடி ஆகிய மூன்றையும் பார்த்து அரிவாளைத் தேர்வு செய்தல் வேண்டும்.

எஃகு

கரிச்சத்து குறைந்த மெல்லிரும்பில் அடித்த அரிவாள் எவ்வளவு தீட்டினாலும் விரைவில் மழுங்கிவிடும். லாரி ஸ்பிரிங் பட்டையில் சுமார் 0.5 முதல் 0.6 சதவீதம் கரி உள்ளது. இது கடினமும் நெகிழ்வும் ஒருங்கே பெற்றிருப்பதால் வெட்டும் வேலைக்கு ஏற்றது. ஆனால், நீண்ட நாள் ஓடித் தேய்ந்த பட்டையில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் இருக்கக்கூடும். உடைந்த பட்டையைத் தவிர்ப்பது நல்லது. துருப்பிடிக்காத எஃகுக் கத்திகள் ஈரத்தைத் தாங்கும் என்றாலும், அவற்றில் பல சமையலறைக்கென மெல்லியதாகச் செய்யப்பட்டவை. கட்டை வெட்ட உதவா. மடக்குக் கத்தியின் மூட்டில் மண்ணும் பிசினும் சேர்ந்துவிடும். அழுத்தம் கொடுத்தால் அந்த இடமே முதலில் தளரும்.

பதம்

நல்ல எஃகும் தோய்ச்சல் தவறினால் வீணே. பழுக்கக் காய்ச்சிய அலகு காந்தத்தில் ஒட்டாத நிலைக்கு வந்தபின், மேலும் சற்றே சூடேற்றித் தோய்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டையை எண்ணெயில் தோய்ப்பது பாதுகாப்பானது. தண்ணீரில் தோய்த்தால் வெடிப்பு உண்டாகலாம். அத்துடன் நிறுத்திவிட்டால் அலகு கண்ணாடி போல் நொறுங்கும். எனவே மறுபடியும் இளஞ்சூடு காட்டிப் பதம் இறக்க வேண்டும். தேய்த்துப் பளிச்சென்றாக்கிய பரப்பில் பழுப்பு, ஊதா நிறங்கள் தோன்றும் 260 முதல் 280 டிகிரி செல்சியஸ் வெப்பம் வெட்டரிவாளுக்குப் பொருத்தமானது.

அளவு

அலகின் நீளம் 25 முதல் 30 செ.மீ., முதுகின் கனம் 5 முதல் 6 மி.மீ., மொத்த எடை 600 முதல் 800 கிராம் இருந்தால் போதுமானது. அதிக நீளமான அரிவாள் அடர்ந்த தோட்டத்தில் கொடியில் சிக்கும். அதிக எடை மணிக்கட்டை வருத்தும். ஏலத்தில் சருகு கழிப்பதற்கு 10 செ.மீ. அலகுள்ள சிறு கத்தி ஒன்றைத் தனியே வைத்துக் கொள்ளலாம். ஏலத்தின் வேர்கள் மேல்மண்ணிலேயே படர்வதால், தூரைச் சுற்றி அரிவாளால் கொத்தக் கூடாது.

பிடி

பிடியின் தளர்ச்சியால் விபத்துகள் நேரலாம். அலகின் காம்பு பிடியின் மறுமுனை வரை சென்று மடித்து அடிக்கப்பட்டிருக்க வேண்டும். அலகை ஒட்டிய பக்கத்தில் இரும்புப் பூண் இறுக்கமாக இருத்தல் அவசியம். பிடிக்கு நன்கு உலர்ந்த புளி, வாகை, கருவேல மரங்களின் வைரம் ஏற்றது. பச்சை மரத்தில் செய்த பிடி காய்ந்ததும் சுருங்கிக் கழன்றுவிடும்.

வாங்குமுன் செய்யும் சோதனை

1. அலகைச் சுண்டிப் பார்த்தால் கணீரென்று ஒலிக்க வேண்டும். அடைத்த ஒலி வந்தால் கீறலோ தளர்ச்சியோ இருக்கலாம்.

2. வாய்ப்பகுதியில் அரத்தை ஓட்டினால் சற்றே கடிக்க வேண்டும். முற்றும் வழுக்கினால் பதம் மிகுதி. எளிதில் அராவினால் பதம் குறைவு.

3. காய்ந்த கட்டையில் பத்து முறை வெட்டிப் பாருங்கள். வாய் தெறித்தால் பதம் மிகுதி. மடங்கினால் பதம் குறைவு. பிடி சிறிதும் அசையக் கூடாது.

பராமரிப்பு

மழைக்காலத்தில் ஒரே இரவில் துரு ஏறிவிடும். வேலை முடிந்ததும் பிசினைத் துடைத்து, உலர்த்தி, தேங்காய் எண்ணெய் பூசி வைக்கவும். தோல் உறை ஈரத்தைப் பிடித்து வைப்பதால் நனைந்த உறையில் அரிவாளை விட்டுவைக்கலாகாது. சாணைச் சக்கரத்தில் நெடுநேரம் பிடித்தால் வாய் சூடேறி நீலம் பாய்ந்து பதம் போய்விடும். தோட்டத்தில் ஓர் அரமும் தீட்டுக்கல்லும் இருந்தால் ஆண்டு முழுவதும் சமாளிக்கலாம்.

பாதுகாப்பு

கனமான கிளையை முதலில் அடிப்புறம் சிறிது வெட்டிவிட்டு, பின் மேலிருந்து வெட்டினால் பட்டை கிழியாது. வெட்டும் திசையில் கால் இருக்கக் கூடாது. காயம்பட்டால் சுத்தத் துணியால் அழுத்திக் கட்டி, மருத்துவமனைக்குச் சென்று இரணஜன்னி தடுப்பூசி பற்றிக் கேட்டறிய வேண்டும். பாம்பு கடித்தால் கடிவாயைக் கத்தியால் கீறுவது பெருந்தவறு. நடக்க விடாமல் தூக்கிச் சென்று, விரைவில் மருத்துவமனையில் சேர்ப்பதே உயிர் காக்கும்.

சட்டம்

வேட்டைக்குக் கத்தி எடுத்துச் சென்ற காலம் முடிந்துவிட்டது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அச்சட்டப்படி கத்தியும் ஆயுதமே. உரிய எழுத்து மூலமான அனுமதியின்றி ஆயுதத்துடன் சரணாலயத்திற்குள் நுழைவது குற்றமாகும். 2021இல் திருவில்லிபுத்தூர்–மேகமலைப் புலிகள் காப்பகம் அமைக்கப்பட்டுள்ளது. ஆகவே வனத்தைக் கடந்து தோட்டம் செல்வோர், முன்கூட்டியே வனத்துறை அலுவலரை அணுகி விதிமுறைகளை அறிந்து கொள்ளுதல் நலம்.

மலைத்தோட்ட உழவர்கள் கடையில் தொங்கும் அரிவாளை அப்படியே வாங்காமல், அறிமுகமான கொல்லரிடம் எஃகையும் அளவையும் சொல்லிச் செய்து வாங்கலாம். மழை தொடங்குமுன் ஒருமுறை பிடியையும் பூணையும் சோதித்துக் கொண்டால், கருவியும் உழைக்கும். கையும் காலும் காப்பாற்றப்படும்.